நானூற்றுப் பதினேழாம் வில்லை

உருக்காலைக் குடியிருப்பில் அவரை எல்லோரும் தந்தி என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே 'சார்', முதுகுக்குப் பின்னால் தந்தி. ஆலையின் நேர அலுவலகத்தில் எழுத்தர் உத்தியோகம். தொழிலாளிகளுக்கு வருகை போடுவது, தினக்கூலி ஆட்களுக்கு நுழைவுச் சீட்டு எழுதிக் கொடுப்பது, விடுப்புக் கடிதங்களைக் கோப்பில் கட்டுவது என்று இவ்வளவுதான் அவருக்கு விதித்த வேலை. பத்தொன்பது வருடங்களுக்கு முன்பு, அவர் சேர்ந்த இரண்டாம் மாதம், கிரேன் சங்கிலி அறுந்து ஒருவர் செத்துப்போனார். வீட்டுக்குச் சேதி சொல்ல யாராவது போக வேண்டுமே. அலுவலகத்தில் இருந்த ஏழு பேரில் ஆறு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். புது ஆளுக்குக் குனியத் தெரியவில்லை. அன்றைக்குத் தலையில் விழுந்ததுதான். பிறகு எவ்வளவு குனிந்தும் இறங்கவில்லை.

அவருடைய ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் தெருவில் இருக்கும் பெண்கள் கைவேலையை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். எந்த வீட்டு முன்னால் நிற்கிறது என்று பார்ப்பதற்காக. காய்கறி வாங்கப் போனால்கூட இதே கதை. சத்தம் வராமல் இருக்கட்டும் என்று ஒருமுறை வண்டியை விட்டுவிட்டு நடந்து போனார். "நடந்து வர்றாரே, ரெண்டு மூணு வீடு போலருக்கே" என்று அதற்கும் ஒருத்தி பயந்து உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு கடைகண்ணிக்குப் போவதெல்லாம் அவர் மனைவி பொறுப்பாகிவிட்டது. அக்கம்பக்கத்து விசேஷங்களுக்கும் அந்த அம்மாவை மட்டும்தான் கூப்பிடுவார்கள்.

அவரைப் பார்த்து ஊர் பயந்தது எல்லோருக்கும் தெரியும். அவர் பயந்தது யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு முறை ஸ்கூட்டரைக் கிளப்பும்போதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். உள்ளங்கை ஈரமாகிப் பிடி வழுக்கும். பத்தொன்பது வருடத்தில் ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் பழகி வைத்திருந்தார். "ஆஸ்பத்திரி வரைக்கும் ஒரு எட்டு போயிட்டு வந்துடலாம்மா." இறந்தார் என்ற வார்த்தையை அவர் எந்த வாசலிலும் சொன்னதில்லை. அதை வேறு யாராவது சொல்லட்டும்.

அந்த வருடம் ஆலைக்கு வெளிநாட்டிலிருந்து பெரிய ஆர்டர் வந்திருந்தது. இரண்டு உலைகள் ஓடிய இடத்தில் மூன்று உலைகள் ஓடின. பழைய இரும்பு லாரி லாரியாக வந்து இறங்கியது. அதைக் காயவைக்கும் கொட்டகையின் கூரை இரண்டு மாதத்துக்கு முன்பு காற்றில் பறந்துபோயிருந்தது. கூரை போடலாம், முதலில் ஆர்டர் முடியட்டும் என்று சொன்னார்கள். மழை வந்தது. இரும்பு நனைந்தபடியே உலைக்குப் போயிற்று. ஈர இரும்பு உருகிய குழம்புக்குள் விழுந்தால் உள்ளே மாட்டிய தண்ணீர் ஒரு நொடியில் ஆவியாகிக் குழம்பை வாரி வெளியே எறியும். உலைமேடையில் நிற்கிற எவருக்கும் இது தெரியும். நேர அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த தந்திக்கே தெரியும்.

மழை பிடித்த நாலாம் வாரத்தில் ஒரு நாள், காலை பத்தரை மணி இருக்கும். கனமான இரும்புக் கதவை யாரோ ஓங்கிச் சாத்தியது போல ஒரு சத்தம். ஜன்னல் கண்ணாடிகள் கிணுகிணுவென்று ஆடி நின்றன. அலுவலகத்தில் எல்லோரும் ஒருவர் மாற்றி ஒருவர் தந்தியைத்தான் பார்த்தார்கள். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, கையை மேசைக்கு அடியில் ஒளித்துக்கொண்டார்.

இருபது நிமிடத்தில் ஆலை மருந்தகத்துக் கம்பவுண்டர் வந்தார். காயக்கட்டுத் துணியில் எதையோ சுற்றி எடுத்து வந்திருந்தார். பிரித்தால், கறுத்துப்போன பித்தளை வில்லை. ஒவ்வொரு தொழிலாளிக்கும் எண் போட்ட வில்லை ஒன்று உண்டு. உள்ளே போகும்போது வாசல் பலகையின் ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு போய், வெளியே வரும்போது திரும்ப மாட்ட வேண்டும். வெறும் ஆணி இருந்தால் அந்த ஆள் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். இந்த வில்லையில் 417 என்று இருந்தது. இரண்டு பேருக்குக் கையில் காயம், ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றியாயிற்று, மேஸ்திரியும் கூடவே போயிருக்கிறார் என்றார் கம்பவுண்டர். மூன்றாவது ஆளை முகத்தை வைத்து அடையாளம் சொல்ல முடியாது, கோட்டுப் பையில் இதுதான் இருந்தது என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

கூட்டம் கூடுவதற்குள் கிளம்பச் சொல்லி மேனேஜர் கையாட்டினார். தந்தி வில்லையைத் துணியோடு சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, விடுப்புப் படிவங்களும் அத்தாட்சித் தாள்களும் இருக்கும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

நானூற்றுப் பதினேழு யாரென்று அவருக்குத் தெரியும். இருபது வருடமாக உலைமேடையில் நிற்கும் மனிதர். உலைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அதிகம் பேசாதவர். வீடு நான்காவது வரிசையில் கடைசி. வழியெல்லாம் பெண்கள் வாசலுக்கு வந்தார்கள். வண்டி தங்கள் வீட்டைத் தாண்டியதும் மூச்சு விட்டார்கள், அடுத்த வீட்டைப் பார்த்தார்கள். முதுகில் அத்தனை கண்களையும் சுமந்துகொண்டு தந்தி கடைசி வீட்டின் முன்னால் நிறுத்தினார்.

கதவைத் திறந்தது உலைக்காரரின் மனைவி. கையில் முறம். வந்திருப்பது யார் என்று கண்டதும் முறம் கையிலிருந்து நழுவிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவர் தன் வாக்கியத்தை ஆரம்பித்தார். பாதிதான் சொல்லியிருப்பார், வீட்டின் பின்பக்கத்திலிருந்து முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே உலைக்காரர் வந்து நின்றார்.

பையில் இருந்த வில்லையைத் தந்தியின் கை தானாகத் தொட்டுப் பார்த்தது.

அந்த அம்மாவோ கணவரையும் இவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "வீடு மாத்தி வந்துட்டீங்களா சார்? ஒரு நிமிஷத்துல உசுரே போயிருச்சு எனக்கு. இவருக்கு உடம்பு சரியில்லன்னு லீவு போட்டுட்டு மூணு வாரமா வீட்டுலதான் இருக்காரு. உக்காருங்க, தண்ணி கொண்டாறேன்" என்று உள்ளே ஓடினாள்.

மூன்று வாரமும் 417-க்கு வருகை போட்டது தந்தியேதான். பலகையில் ஆணி தினமும் வெறுமையாக இருந்தது. அவர் உலைக்காரரின் முகத்தைப் பார்த்தார். அதில் ரத்தமே இல்லை.

பின்புறம் தண்ணீர்க் குழாயடிக்கு அவரை இழுத்துக்கொண்டு போய்த்தான் உலைக்காரர் விஷயத்தைச் சொன்னார். வார்த்தைகள் முன்னும் பின்னுமாக வந்தன. மூன்று வாரத்துக்கு முன்பு இதேபோலச் சின்னதாக ஒரு முறை குழம்பு தெறித்ததாம். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு அவருடைய பூட்ஸ் பக்கத்தில் விழுந்ததாம். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மறுநாள் மேடைப் படியில் கால் வைத்தபோது கால் ஏற மறுத்துவிட்டது. நாலு படி ஏறுவார், இறங்கிவிடுவார். இருபது வருடம் நின்ற ஆள், யாரிடம் போய்ச் சொல்வது? மனைவியின் தம்பிக்கு அந்த மேடை பழக்கம். ஆலையில் ஒப்பந்தக் கூலியாக இருந்து, ஆர்டர் வருவதற்கு முன்பு ஆட்குறைப்பில் நிறுத்தப்பட்டவன். கொஞ்ச நாளைக்கு நான் போறேன் மாமா என்று அவனாகத்தான் சொன்னான். உலைக்காரரின் கோட்டும் முகமூடியும் தலைக்கவசமும் போட்டுவிட்டால் யார் எவர் என்று காவலருக்கு என்ன தெரியும். மேடையில் இருந்தவர்களுக்கும் மேஸ்திரிக்கும் தெரியும். பாவம் என்று விட்டுவிட்டார்கள்.

"எனக்குத்தான் பயம் சார்," என்றார் உலைக்காரர். "அவனுக்குப் பயமே இல்ல. அதான் அனுப்பினேன்." அப்படியே குழாயடியில் குந்திவிட்டார்.

தந்திக்கு அப்போது ஒரு பழைய நாள் ஞாபகம் வந்தது. ஆறேழு வருடத்துக்கு முன்பு கிடங்குச் சுவர் சரிந்து ஒரு கூலியாள் செத்துப்போனான். அவனுக்கு அன்றைக்குச் சீட்டு எழுதப்படவில்லை. இந்த ஆள் நம்ம ஆளே இல்லை, அத்துமீறி நுழைந்தவன் என்று ஆலை ஒரே வரியில் கைகழுவிவிட்டது. அவன் மனைவியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனவர் தந்தி. பாதியில் திரும்பி வரச் சொல்லி ஆள் வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் அவளைத் தனியாக விட்டுவிட்டு வந்தார். அவள் அவரைக் கூப்பிடக்கூட இல்லை, பார்த்துக்கொண்டே நின்றாள்.

இந்தத் தம்பிக்கும் பெண்டாட்டி இருந்தாள். ஆயத்த ஆடைக் கடையில் பொத்தான் தைக்கிறவள்.

அவர் பையிலிருந்து ஒரு விடுப்புப் படிவத்தை எடுத்தார். ஏன் எடுத்தோம் என்று அவருக்கே பிறகுதான் புரிந்தது. வாழ்நாளில் ஒரு கணக்கில் ஒரு புள்ளியை மாற்றி வைத்தவர் இல்லை. தேதியில் அடித்தல் திருத்தல் இருந்தால்கூட மேனேஜரிடம் கையெழுத்து வாங்குவார். "இன்னைக்குத் தேதி போட்டுக் கையெழுத்துப் போடுங்க. நீங்க இன்னைக்கு ஒருநாள்தான் லீவு. நேத்து வரைக்கும் வேலைக்கு வந்தீங்க. வேற எதையும் யார் கேட்டாலும் பேசாதீங்க" என்றார். உலைக்காரரின் கையெழுத்து ஒரு புழுப் போல வளைந்தது.

அடுத்து நடந்ததுதான் அவர் பத்தொன்பது வருடத்தில் செய்த மிகக் கொடுமையான காரியம். வாசலுக்கு வந்தார். அந்த அம்மா சொம்பில் தண்ணீரோடு நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் இன்னும் சிரிப்பு மிச்சம் இருந்தது. தண்ணீரை வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை.

"தம்பி வீடு எங்கம்மா?" என்றார்.

அவளுக்கு உடனே புரியவில்லை. புருஷன் பின்னால் வந்து நின்றதைப் பார்த்தாள். அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. அதைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அன்றைக்கு அவருடைய பழகிய வாக்கியம் உதவவில்லை. அவள் நேராகவே கேட்டாள், அவர் முதல் முறையாக அந்த வார்த்தையைத் தன் வாயாலேயே சொன்னார்.

தம்பி மனைவிக்கும் சேதி சொல்லிவிட்டு அவர் ஆலைக்குத் திரும்பியபோது மணி பன்னிரண்டே கால். அலுவலகத்தில் பாதிப் பேர் உலைப் பக்கம் போயிருந்தார்கள். வருகைப் பதிவேடு அவர் மேசையில் அப்படியே இருந்தது. பதினொரு மணிக்குத்தான் வருகை போடுவது வழக்கம். அன்றைக்கு இன்னும் போடவில்லை. 417-க்கு நேரே விடுப்பு என்று எழுதினார். தினக்கூலிச் சீட்டுப் புத்தகத்தை எடுத்தார். அன்று காலை கடைசியாகச் செங்கல் சுமக்கிற ஆளுக்கு எழுதியிருந்தது. அதற்கு அடுத்த தாளில் மச்சினன் பெயரை எழுதி, நேரம் ஆறேகால் என்று போட்டார். வேலை செய்யும் இடம் என்ற கட்டத்தில் உலைமேடை என்று எழுதும்போது கை நின்றுவிட்டது. பிறகு எழுதி முடித்தார். கார்பன் தாளின் அடியில் எழுத்து நடுங்கியிருப்பது அச்சடித்த மாதிரி தெரிந்தது. வாசல் பக்கம் யாரோ இருமினார்கள். சட்டென்று சீட்டைக் கிழித்தெடுத்துக்கொண்டார்.

மேனேஜரிடம் போய், ஆள் மாறிவிட்டது, செத்தவர் தினக்கூலி ஆள், போட்டிருந்தது 417-இன் கோட்டு, நேற்று மாலை வில்லையை மாட்டாமல் கோட்டிலேயே விட்டுப் போயிருக்கிறார், பலகையைச் சரிபார்க்காதது என் தவறு என்று ஒரே மூச்சில் ஒப்பித்தார். மேனேஜர் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மை இன்னும் காயலையே," என்றார். அவ்வளவுதான். சீட்டைத் தன் மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார்.

ஏன் அவர் அப்போதே கத்தவில்லை என்பது பத்து நாள் கழித்துத்தான் தந்திக்கு விளங்கிற்று. அந்தச் சீட்டு ஆலைக்கு வேறு விதத்தில் உபயோகப்பட்டது. தொழிற்சாலை ஆய்வாளர் விசாரணைக்கு வரப்போகிறார் என்றதும் ஒரு பேச்சு பரவியது. பயிற்சி இல்லாத கூலியாள் யாரையும் கேட்காமல் ஈர இரும்பை அள்ளிப் போட்டுவிட்டானாம். அப்படிப்பட்ட ஆளை உலைமேடைக்குச் சீட்டு எழுதி அனுப்பியது நேர அலுவலக எழுத்தராம். கூரை இல்லாத கொட்டகையைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. செத்தவனும் தந்தியும் சேர்ந்து ஒரு விபத்தைச் செய்துவிட்டது போல ஆயிற்று. ஒருவர் செத்திருக்கிறார், இது ஜெயில் வரைக்கும் போகலாம் சார் என்று பக்கத்து மேசைக்காரர் அனுதாபமாகச் சொன்னார்.

அந்த நாட்களில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி என்ன ஏது என்று கேட்டுப் பார்த்தாள். உடம்பு சூடு என்றார். வீட்டு வாசலில் யாராவது வண்டியை நிறுத்தினால் உள்ளறைக்குப் போய்விடுவார். பால்காரர் கதவைத் தட்டினாலும் நெஞ்சு திக்கென்றது. தன் ஸ்கூட்டர் சத்தத்தைக் கேட்டு அந்தப் பெண்களுக்கு என்ன ஆகியிருக்கும் என்று அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று நூறு முறை யோசித்தார். சொன்னால் பொய்ச் சீட்டு எழுதிய குற்றம் அவர்மேல். ஆள்மாறாட்டம் செய்த குற்றம் உலைக்காரர்மேல். மச்சினன் மறுபடி அத்துமீறி நுழைந்தவன் ஆகிவிடுவான். சொல்லாவிட்டால் எல்லாம் அவர் தலையில் மட்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவருக்கு உதறலாகவே இருந்தது.

விசாரணை ஆலையின் பயிற்சிக் கூடத்தில் நடந்தது. ஆய்வாளர் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. எதற்கும் முகம் மாறாதவர். முதலில் தந்தியைக் கூப்பிட்டார். யார் சொல்லி உலைமேடைக்குச் சீட்டு எழுதினீர்கள் என்று கேட்டார். அவர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் பற்றாக்குறை என்று நானாகத்தான் எழுதினேன் என்றார் தந்தி. ஆய்வாளர் எழுதிக்கொண்டார்; அந்தப் பேனா ஓடிய சத்தம் அவருக்குக் காதில் விழுந்துகொண்டே இருந்தது. சீட்டுப் புத்தகத்தை முழுதாகத் தன்னிடம் ஒப்படைக்கச் சொன்னார்.

அப்புறம் மேடைத் தொழிலாளிகள். மேஸ்திரி எதையும் பார்க்கவில்லை என்றார். அடுத்த இருவரும் மேஸ்திரி சொன்னதையே சொன்னார்கள். நாலாவதாக உலைக்காரரைக் கூப்பிட்டார்கள். அன்று விடுப்பில் இருந்தவருக்கு என்ன தெரியும் என்று மேனேஜர் குறுக்கிட்டார். கோட்டு அவருடையதுதானே, கேட்கலாம் என்றார் ஆய்வாளர்.

உலைக்காரர் எழுந்தார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். எல்லாம் உடையப்போகிறது என்று தந்தி கண்ணை மூடிக்கொண்டார்.

"கொட்டகைக்குக் கூரை இல்லாம ரெண்டு மாசம் ஆச்சும்மா," என்று ஆரம்பித்தார் உலைக்காரர். "இரும்பு நனைஞ்சுதான் வருது. விபத்துக்கு மூணு வாரம் முன்னாடி என் கால்கிட்டயே தெறிச்சது. மேஸ்திரிகிட்ட சொன்னேன், அவர் மேல சொன்னாரு. ஆர்டர் முடியட்டும்னாங்க. அதுக்கப்புறம் எனக்கு அந்தப் படி ஏறுறதே பெரும்பாடா இருந்ததும்மா. பயம். இருபது வருஷம் நின்னவன் சொல்றேன், இப்பவும் பயமாத்தான் இருக்கு. செத்தவன் என் மச்சினன். அவனுக்கு வேலை தெரியும். அவன் மேல தப்பு சொல்லாதீங்க."

ஆய்வாளர் மேஸ்திரியைப் பார்த்து, உங்களிடம் சொன்னாரா என்று கேட்டார். மேஸ்திரி எழுந்து, ஆமாம், சொன்னார், எனக்கும் பயமாகத்தான் இருந்தது என்றார். அதன்பின் முதலில் பேசிய இருவரும் தாங்களாகவே எழுந்து தங்கள் வாக்குமூலத்தைத் திருத்தச் சொன்னார்கள். ஆய்வாளர் நேராகக் கொட்டகைக்குப் போனார். அன்றைக்கும் தூறல்தான். குவியலிலிருந்து ஒரு இரும்புக் குழாயை எடுத்துச் சாய்க்கச் சொன்னார். அதிலிருந்து தண்ணீர் கொட்டிற்று.

தீர்ப்பு வர ஏழு மாதம் ஆனது. ஈர இரும்பும் கூரையில்லாத கொட்டகையும்தான் காரணம் என்று எழுதியிருந்தது. ஆலைக்கு அபராதம். இறந்தவர் குடும்பத்துக்கு இழப்பீடும் ஒருவருக்கு நிரந்தர வேலையும். எழுத்தருக்கு இரண்டு சம்பள உயர்வு நிறுத்தம், கடும் எச்சரிக்கை. உலைக்காரரை உலையிலிருந்து எடைமேடைக்கு மாற்றினார்கள். சம்பளம் குறைந்தது. சீட்டுப் புத்தகம் மட்டும் ஆய்வாளர் அலுவலகத்திலிருந்து திரும்பி வரவே இல்லை. மேனேஜர் பூட்டி வைத்த அந்த ஒற்றைச் சீட்டும் இழுப்பறைக்குள்ளேயே இருந்தது. வேலை சொல்லும்போதெல்லாம் அவர் விரல் அந்த இழுப்பறையின் மேல் லேசாகத் தட்டும். தந்தி மறுபேச்சில்லாமல் செய்வார். சேதி சொல்லும் வேலையை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று கேட்க நினைத்திருந்தார், கேட்கவில்லை.

விபத்து நடந்த பதினோராம் மாதம் மச்சினன் மனைவி வேலைக்குச் சேர வந்தாள். சிப்பம் கட்டும் பிரிவில் வேலை. நியமனக் கடிதத்தை ஜன்னல் வழியாக நீட்டினாள். புது எண்ணைப் பதிந்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை அவர் காட்டினார். போட்டாள். நகரவில்லை. பின்னால் வரிசையில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"அவர் அன்னைக்குச் சீட்டு எதுவும் வாங்கலண்ணே. மூணு வாரமும் மாமா கோட்டைப் போட்டுக்கிட்டுத்தான் போனாரு. எனக்குத் தெரியும்."

தந்தியின் கண் தன்னையறியாமல் மேனேஜர் அறைக் கதவுக்குப் போய் வந்தது. கதவு பாதி திறந்திருந்தது.

"இங்க பேச வேண்டாம்மா," என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். சிப்பம் கட்டும் பிரிவுக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கேட்டாள். அவர் நாற்காலியை விட்டு எழுந்து வெளியே வந்தார். உலைக் கட்டடம் வழியாகப் போனால் சீக்கிரம் போய்விடலாம். கிடங்கைச் சுற்றிப் போகிற நீண்ட வழியில் அவளை அழைத்துக்கொண்டு போனார்.